பண்டிதை இராமாபாய் அம்மையாரின் யாத்திராகமம்

யாத்திராகமம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பிளந்து நின்ற செங்கடல்தான். ஞாயிறு பாடசாலையில் நாம் வர்ணம் தீட்டிய படமும் அதுவே. ஆனால் அந்த ஆகமத்தின் 40 அதிகாரங்களில், 14ஆம் அதிகாரத்திலேயே இஸ்ரவேலர் கடலைக் கடந்து முடிக்கிறார்கள். மீதி 26 அதிகாரங்களும், மீட்கப்பட்ட ஜனங்கள் எதற்காக மீட்கப்பட்டார்கள் என்பதையே பெரும்பாலும் பேசுகின்றன. பஸ்கா ஆட்டுக்குட்டியில் கிறிஸ்துவின் பலியையும், கடலைக் கடந்ததில் ஞானஸ்நானத்தையும் பவுல் அப்போஸ்தலர் கண்டார். சீனாய் மலையடியில் கிடைத்த ஆசாரிய அழைப்பைப் பேதுரு அப்படியே சபைக்கு உரியதாக்கினார். இந்த இரண்டாம் பாதியை வாழ்ந்து காட்டிய ஒரு பெண்ணின் சரித்திரத்தை நம் சங்கத்தின் நூற்றாண்டு மலரில் எழுத விரும்பினேன்.

இராமாபாய் 1858 ஏப்ரல் 23ஆம் திகதி மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கிரே தம் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்தவர். பிராமணக் குடும்பத்தில் அக்காலத்தில் அது பெருங்குற்றம். தாய் இலட்சுமிபாய் தாம் கற்றதை மகளுக்குக் கற்பித்தார். ஊர் ஊராக யாத்திரை போய்ப் புராணம் வாசிப்பதே குடும்பத்தின் தொழில். 1874இல் பசி அக்குடும்பத்தைத் தின்றது. சில மாதங்களுக்குள் தந்தை, தாய், தமக்கை மூவரும் இறந்தார்கள். பதினாறு வயதுப் பெண் தன் தமையனோடு ஆயிரக்கணக்கான மைல்கள் கால்நடையாக அலைந்தாள்.

இந்த இடத்தில் மாத்தளைப் பிள்ளைகளாகிய நாம் சற்று நிற்க வேண்டும். அதற்கு இரண்டாண்டு கழித்து வந்ததே தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம். அந்த ஆண்டுகளில்தான் கங்காணிகளின் பின்னே எத்தனையோ குடும்பங்கள் மன்னாரில் கரையேறி, காட்டுப் பாதையில் தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்து, மாத்தளைக்கும் அதற்கப்பாலுள்ள கோப்பித் தோட்டங்களுக்கும் வந்தன. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. நடந்து வந்த நம் பாட்டிமாருக்கு லயத்து அறை கிடைத்தது. கானான் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன்.

இராமாபாய் 1878இல் கல்கத்தாவை அடைந்தார். அவருடைய சமஸ்கிருதப் புலமையைக் கண்ட அறிஞர்கள் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். 1880இல் தமையனும் போனார். அதே ஆண்டு, சாதி பாராமல் பிபின் பிகாரி மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரை மணந்தார். மகள் மனோரமா பிறந்து ஒரு வருடம் ஆகுமுன்னே கணவர் வாந்திபேதியில் இறந்தார். 23 வயதில் விதவை.

1883இல் வைத்தியம் படிக்க இங்கிலாந்து சென்றார். காது மந்தமாயிருந்தபடியால் அந்தக் கதவு அடைபட்டது. மோசே தம் திக்குவாயைக் காட்டிப் பின்வாங்கப் பார்த்தார். இராமாபாய்க்கோ தாம் தேடிய வேலை கிடைக்காமற் போக, தேடாத வேலை கிடைத்தது. தெருவில் வீழ்ந்த பெண்களைச் சகோதரிகள் அன்போடு எடுத்து வளர்த்த இல்லம் ஒன்றைக் கண்டு, இவர்களை இப்படிச் செய்யத் தூண்டியது எது என்று கேட்டார். அந்த ஆண்டே மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். ஆயினும் கிறிஸ்துவைத் தம் சொந்த மீட்பராக அறிந்துகொள்ள இன்னும் எட்டு ஆண்டுகள் சென்றதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கடல் தாண்டியவர்க்கும் வனாந்தரம் உண்டு.

1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். பின்னர் அது பூனாவுக்கு மாறியது. மதம் மாற்றுகிறார் என்ற முறுமுறுப்பு எழ, 1893இல் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

அவருடைய அழைப்பு முழுமையாக விளங்கியது 1897இல் என்பேன். மத்திய மாகாணங்களில் பஞ்சம் என்று கேட்டதும் தம் பதினாறு வயதுப் பசி நினைவுக்கு வர, நேரே அங்கே போனார். எலும்புந் தோலுமாய்க் கிடந்த சிறுமிகளையும், கயவர் கையில் சிக்கவிருந்த இளம் விதவைகளையும் நூற்றுக்கணக்கில் கூட்டிவந்தார். பூனாவிலோ கொள்ளைநோய், அங்கே அவர்களை வைத்திருக்க வழியில்லை. ஆகவே சற்றுத் தொலைவில், கேட்காவ் என்னுமிடத்தில் தாம் வாங்கியிருந்த நிலத்துக்குக் கொண்டுபோனார். கிணறு வெட்டினார்கள், கொட்டகை போட்டார்கள். அந்த இல்லத்துக்கு முக்தி என்று பெயரிட்டார். தந்தையிடமிருந்து வந்த மொழியிலேயே மீட்புக்குச் சொல் தேடிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1900இல் குஜராத்திலும் பஞ்சம் வர, அங்கிருந்தோர் தொகை இரண்டாயிரத்தை நெருங்கியது.

சோறு போட்டதோடு அவர் நிற்கவில்லை. நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பால்பண்ணை, தோட்டவேலை, அச்சுக்கோத்தல் எல்லாம் பெண்கள் கையில். கண் தெரியாதவர்களுக்குத் தடவி வாசிக்கும் எழுத்துக் கற்பிக்கப்பட்டது. நேற்றுப் பஞ்சத்தில் எடுக்கப்பட்டவள் இன்று புதிதாக வந்தவளைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டாள். 1905இல் எழுப்புதல் உண்டானபோது அப்பெண்களே கூட்டங்கூட்டமாக அயற்கிராமங்களுக்குப் போனார்கள். ஆசாரிய ராஜ்யம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

முதிர்ந்த வயதில் எபிரெயமும் கிரேக்கமும் கற்று, படியாத பெண்களுக்கும் விளங்கும் மராத்தியில் வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்க்கத் துணிந்தார். பஞ்சத்திலிருந்து வந்தவர்களே எழுத்துக் கோத்தார்கள். தமக்குப் பின் பணியை ஏற்பாள் என்று நம்பியிருந்த மனோரமா 1921இல் இறந்தார். துக்கத்தோடேயே அச்சுப்படி திருத்தினார். வேலை முடிந்த சில நாட்களில், 1922 ஏப்ரல் 5ஆம் திகதி அதிகாலை, உறக்கத்திலே கண்மூடினார். நேபோ மலையில் நின்ற மோசேயைப்போல் அவரும் முடிவைத் தூரத்திலிருந்தே கண்டார். கட்டி முடித்த வேதாகமம் 1924இல் முக்தி அச்சகத்திலிருந்து, அந்தப் பெண்களின் கைகளால் வெளிவந்தது.