கன்றுக்குட்டியைப் பாடிய கவிமணி

நம்மிற் பெரும்பாலோர் மகிழ்ச்சியை ஒத்திவைத்துக்கொண்டே வருபவர்கள். ஊருக்கு மாற்றல் கிடைக்கட்டும், பெண்ணின் திருமணம் முடியட்டும், ஓய்வு பெற்றபின் சொந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நிம்மதியாகக் காப்பி அருந்துவோம் என்று சொல்லிச் சொல்லியே திருவனந்தபுரத்தில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட ரயில்வே குமாஸ்தா நான். இது தவறோ என்னும் ஐயத்தை என்னுள் எழுப்பியவர், இதே நகரில் நம்மைப்போல் மாதச் சம்பளத்துக்கு உழைத்த ஓர் ஆசிரியர். அவரே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள்.

சுசீந்திரத்துக்கு அருகில், குளமும் வயலும் சூழ்ந்த தேரூரில் 1876-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் அவர் பிறந்தார். நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஒன்பதாம் வயதிலேயே தந்தையாரை இழந்தார். பள்ளியில் அவர் பயின்றது மலையாளம். தமிழையோ, சாந்தலிங்கத் தம்பிரான் என்னும் துறவியாரிடம் தனியே கற்றுக்கொண்டார். பள்ளியில் மலையாளம் படிக்கும் நம் பிள்ளைகளைக் குறித்துக் கவலையுறும் பெற்றோர்கள் இதைச் சற்றே நினைவிற் கொள்ளலாம். வீட்டுக்கு வெளியே கற்ற மொழி அவருக்குத் தமிழைக் கெடுத்துவிடவில்லை.

1901-இல் புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையாரை மணந்தார். கோட்டாற்றுப் பள்ளியிலும், நாகர்கோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும், பின்னர் திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியிலுமாக முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றினார். நாகர்கோவிலிலிருந்து இங்கு வர அந்நாளில் ரயில் கிடையாது. அந்தப் பாதை 1979-இல்தான் திறக்கப்பட்டது. கொல்லத்திலிருந்து வந்த பாதையும் 1918 முதல் சாலைப் பகுதியோடு நின்றிருந்தது. அது தம்பானூர் வரை நீட்டப்பட்ட 1931-ஆம் ஆண்டில்தான் கவிமணி ஓய்வு பெற்றுப் புத்தேரிக்குத் திரும்பினார். (ரயில்வேக்காரனுக்கு எதைப் படித்தாலும் தண்டவாளமே கண்ணிற் படும், பொறுத்தருள்க.)

அவருக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் தமிழ்நாட்டுக் குழந்தைகள் யாவரும் பாடும் பாடல்களை எழுதியவர் அவரே. தோட்டத்தில் மேயும் பசுவையும் அதன் கன்றையும் பற்றிய பாட்டை அறியாத தமிழ் வீடு உண்டோ? அதில் கதையில்லை, அறிவுரையும் இல்லை. தாயைக் கண்ட கன்று துள்ளுகிறது, மடியை முட்டிப் பால் குடிக்கிறது, தாய் அதனை நக்கிக் கொடுக்கிறது, அவ்வளவே. காக்கையை அழைப்பதும், கிளியைக் கொஞ்சுவதும் அவருக்குப் பாடற்பொருளாயின. அரண்மனைகளையும் போர்க்களங்களையும் பாடுவதே கவிதை என்று எண்ணியிருந்த புலவர்கள் நடுவே, கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்து அங்குள்ளதே போதும் என்று நிறைவு கொண்டவர் அவர். இத்தகைய பாடல்கள் பலவும் அடங்கிய ‘மலரும் மாலையும்’ 1938-இல் நூலாக வெளிவந்தது.

துன்பத்தைக் காணாதவர் என்று அவரை எண்ணிவிடக் கூடாது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அந்நாளில் சொத்து மகனுக்குச் செல்லாமல் மருமகனுக்குச் சென்றது. கணவன் இறந்தால் மனைவியும் மக்களும் கதியற்று நின்றனர். இக்கொடுமையை, குடும்பத் தலைவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதுபோல், சமையற்கட்டுச் சண்டையும் மாமியார் நாவும் கலந்து, படிப்போர் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி எழுதினார். ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்பது அதன் பெயர். சிரித்து முடித்த பின்னர்தான் நெஞ்சு கனக்கும். 1926-இல் சட்டம் வந்து அவ்வழக்கத்தை மாற்றியது. வீட்டுக்குள் அச்சம் குடியிருக்கும்வரை முற்றத்து நிலவு யாருக்கு இனிக்கும்? அவர் பாடிய எளிய இன்பங்கள் இதனையும் அறிந்த ஒருவரின் இன்பங்கள் என்பதே எனக்கு அவற்றை நம்பத் தகுந்தனவாக்குகிறது.

பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களை பிட்ஸ்ஜெரால்டு என்பவர் 1859-இல் ஆங்கிலத்தில் தந்தார். அதன் வழியே கவிமணி செய்த தமிழாக்கம் 1945-இல் நூலாயிற்று. மரநிழலும், உணவும், பானமும், ஒரு கவிதை நூலும், அன்புத் துணையும் இருந்தால் போதும் என்னும் புகழ்பெற்ற பாடலில் அவர் செய்த மாற்றத்தைக் கவனியுங்கள். பெயரில்லாத கவிதை நூல் இருந்த இடத்தில் நம் கம்பனை வைத்தார். தென்றலையும் வரவழைத்தார். ஆங்கிலத்தில் இருந்த ரொட்டியை மட்டும் காணவில்லை. நாஞ்சில் நாட்டாருக்கு ரொட்டி எதற்கு என்று விட்டுவிட்டார் போலும்! சுவர்க்கத்தைக் கூடத் தம் ஊர்த் தோப்புக்குக் கொண்டுவந்துவிட்டவர் அவர்.

இராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச்சாலையைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் வலியசாலையோடு இணைத்துப் பேசப்படும் இடம் அது. ‘கவிமணி’ என்னும் பட்டம் 1940-இல் சென்னையில் வழங்கப்பெற்றது. அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. பட்டத்துக்காகக் காத்திருந்து பாடத் தொடங்கியவரல்லர்!

1954-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அவர் மறைந்தார். அதற்கு இரண்டாண்டுகள் கழித்தே, 1956 நவம்பரில், அவர் பிறந்த மண் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தம் வாழ்நாள் முழுவதும் தமிழ் மாநிலத்துக்கு வெளியே வாழ்ந்த தமிழ்க் கவிஞர் அவர்.

சென்ற மாதம் என் இளைய மகள், தன் பாட்டியிடம் கேட்டுக் கற்ற கன்றுக்குட்டிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவள், கன்று எதற்காக மடியை முட்டுகிறது என்று கேட்டாள். அலுவலகத்துக்குப் புறப்படும் நேரம். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறகு என்ன தோன்றிற்றோ, அவளை அழைத்துக்கொண்டு கரமனைப் பக்கம் பசு வளர்க்கும் ஒரு வீட்டு வாயிலுக்குச் சென்றேன். கறவை முடியும்வரை இருவரும் அங்கேயே நின்று பார்த்தோம். அன்று வருகைப் பதிவேட்டில் எனக்குத் தாமதக் குறி விழுந்தது.