மாணிக்கப்பூரிலிருந்து நாகூர் வரை



தஞ்சையிலிருந்து திருவாரூர் வழியாகக் கீழ்த்திசை நோக்கி நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். இருமருங்கும் நெல்வயல்கள், இடையிடையே காவிரியின் கிளையாறுகள். நாகப்பட்டினத்தைக் கடந்து வடக்கே சிறிது தூரம் சென்றதும், தென்னந்தோப்புகளுக்கு மேலாக ஐந்து மினாராக்கள் கண்ணிற் படும். பழம்பெரும் இஸ்லாமியக் கட்டடங்களைக் காண டில்லிக்கும் ஆக்ராவுக்கும் புறப்படும் நம்மவர்களிற் பலர், இவற்றை நின்று பார்த்ததில்லை. இவை எழக் காரணமான ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்கள் நடந்து வந்த தொலைவை எண்ணிப் பார்த்தோர் அதனினும் குறைவு.

கங்கைக் கரையில் உள்ள மாணிக்கப்பூரில் ஸையித் ஹஸன் குத்தூஸ் அவர்களுக்கும் பாத்திமா அம்மையாருக்கும் மகனாக ஹிஜ்ரி 910-ல் (கி.பி. 1504) ஆண்டகை பிறந்தார்கள் என்பது வழிவழியாக வரும் வரலாறு. இளமையிலேயே மார்க்கக் கல்வியில் தேர்ந்து, ஞானாசிரியரைத் தேடிக் குவாலியரை அடைந்தார்கள். அங்கே ஷத்தாரிய்யா வழியின் பெரியார் முஹம்மது கௌது அவர்களிடம் பல்லாண்டுகள் பணிவிடை செய்து பயின்றார்கள். அந்த ஆசிரியர் 1563-ல் மறைந்தார்கள். அவர்களுடைய அடக்கத்தலம் இன்றும் குவாலியரில் உள்ளது. கல்லைச் சல்லடையாகத் துளைத்துச் செய்த சாளரச் சுவர்கள் அதன் நாற்புறமும் நிற்கின்றன. அக்பர் அவையின் இசைமேதை தான்ஸேனும் அருகிலேயே அடக்கமாகியுள்ளார். வடநாடு செல்வோர் அதைக் கண்டு வியக்கின்றனர். அங்கு பயின்ற மாணவரே நம் நாகூரில் துயில்கிறார்கள் என்பது அவர்களுள் எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறதோ!

ஆசிரியரிடம் விடைபெற்ற ஆண்டகை, 404 சீடர்கள் புடைசூழப் புறப்பட்டார்கள் என்பர். லாகூரில் பிள்ளையில்லாத் தம்பதியர்க்கு இவர்களது துஆவின் பரக்கத்தால் பிறந்த யூசுப் என்னும் மைந்தரைத் தம் ஞானமகனாக ஏற்றார்கள். மக்கா சென்று ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினார்கள். பின்னர் மாலத்தீவு, பொன்னானி, காயல்பட்டினம், திருச்சி என்று பயணம் நீண்டு, தஞ்சையை அடைந்தது.

தஞ்சையில் நிகழ்ந்ததை அறியாதார் இல்லை. நோயுற்றுக் கிடந்தார் மன்னர். அவர் அச்சுதப்ப நாயக்கர் என்பது மரபு. ஊசிகள் குத்தப்பட்ட புறாவொன்றை அரண்மனையில் கண்டெடுத்து, அவ்வூசிகளை ஆண்டகை ஒவ்வொன்றாகப் பிடுங்க, மன்னரின் வேதனை தணிந்தது என்பர். குலாம் காதிறு நாவலர் இயற்றிய கன்ஜுல் கராமாத்து முதலிய நூல்கள் இத்தகைய அற்புதங்களை விரித்துரைக்கின்றன. வலிமார்களின் கராமத்து உண்மையே. அது வல்ல அல்லாஹ்வின் நாட்டத்தால் நிகழ்வதேயன்றி அவர்தம் சொந்த ஆற்றலன்று. மேடையேறும் நம் ஆலிம்கள் (அடியேனும் விலக்கல்லன்) புறாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். அந்த மகான் ஊர் ஊராக நடந்து மார்க்கம் போதித்த ஆண்டுகளை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவோம். இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

நன்றி மறவாத மன்னர், கடலோரத்தில் நிலம் வழங்கினார். அங்கேயே தங்கிய ஆண்டகை, ஹிஜ்ரி 978 ஜமாதுல் ஆகிர் பிறை 10-ல் (கி.பி. 1570) இறையடி சேர்ந்தார்கள். ஞானமகன் யூசுப் அவர்களும், அவர்தம் துணைவியாரும் அதே வளாகத்தில் அடக்கமாயுள்ளனர்.

ஆண்டகை வாழ்ந்த நாளில் அவ்விடத்தில் எந்த மினாராவும் இல்லை. அனைத்தும் பின்னாளில் எழுந்தவை. நான்கை வணிகப் பெருமக்களும் அன்பர்களும் எழுப்பினர். ஐந்தாவதும் மிக உயர்ந்ததுமான, 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டியவர், 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவர் இந்து மன்னர். அவருடைய மைந்தர் துளஜாவும் தர்காவுக்கு நிலமானியம் அளித்தார். பிற சமயத்தாரை வாளால் வென்று வளர்ந்ததே இஸ்லாம் என்று உங்களிடம் எவரேனும் வாதிட்டால், அவரை நாகூருக்கு அழைத்துச் சென்று அந்த மினாராவின் அடியில் நிறுத்துங்கள்.

கடல் கடந்து சென்ற நம் மரைக்காயர்களும் தமிழ் வணிகர்களும் இந்த நினைவை உடன் கொண்டு சென்றனர். பினாங்கில் ஒன்றும், சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியில் 1828-1830-ல் மற்றொன்றுமாக நாகூர் தர்காவின் நினைவிடங்கள் எழுந்தன. சிங்கப்பூர்க் கட்டடத்தை அந்நாட்டு அரசு 1974-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

கந்தூரி நாட்களில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு வரும்போது, கட்டடத்தைப் பார்க்க நெரிசல் இடம் தராது. சாதாரண நாளொன்றில், அஸர் தொழுகைக்குப் பின் செல்லுங்கள். வடக்கே வாஞ்சூருக்கும் போய் வாருங்கள். ஆண்டகை 40 நாட்கள் தனித்திருந்து இறைதியானம் செய்த இடம் என்று அதைக் காட்டுவர். 131 அடியை அண்ணாந்து பார்த்த கண்களுக்கு அது மிகச் சிறியதாகத் தோன்றும்.