தாமோதரம்பிள்ளையவர்களும் அகப்படாத ஏடும்

பொருள் தேடிக் கடல் கடந்தார் பலர். ஏடு தேடி வாழ்நாளைச் செலவிட்டார் மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்தெண்ணப்படுபவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள்.

பிள்ளையவர்கள் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்தே தமிழ் கற்றார். தெல்லிப்பழை மிஷன் பாடசாலையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். கோப்பாயிற் சிறிதுகாலம் ஆசிரியராயிருந்து, பின் சென்னை சென்று தினவர்த்தமானிப் பத்திரிகையை நடாத்தினார். 1857இல் நிறுவப்பட்ட சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினோர் இருவர். இருவரும் நம் நாட்டினர். அவருள் ஒருவர் இவர். மிஷன் கல்விச்சாலையிற் பயின்றும் சைவத்தையே போற்றிச் சைவ மகத்துவம் என்னும் நூலையும் இயற்றினார். அவ்வழியே கல்வி பெற்ற யாம் இதனை நினையுந்தோறும் உவகையுறுகின்றேம்.

அரசாங்க உத்தியோகத்திலிருந்தபொழுதே இவருள்ளம் பழைய ஏடுகளின் மேலதாயிற்று. பனையோலை சில நூற்றாண்டே நிற்கும். அதற்குள் மற்றோரேட்டிற் பெயர்த்தெழுதாவிடின் நூல் இறந்துபடும். செல்லும் கறையானும் ஒருபுறம் அரிக்க, பொருளறியாதார் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுதலும் அடுப்பிலிடுதலும் ஒருபுறம் நிகழ்ந்தன. கிடைத்த ஏட்டிலோ மெய்களுக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வேறுபாடில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலிருக்கும். ஒரு சொல்லைத் துணிதற்கே பல பிரதிகளை ஒப்புநோக்கல் வேண்டும்.

1868இல் ஆறுமுக நாவலரவர்கள் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை இவர் பதிப்பித்து வெளியிட்டார். 1881இல் வீரசோழியத்தை உரையுடன் தந்தார். அப்பால் இவர் நாடியது தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கு நச்சினார்க்கினியர் வகுத்த உரை. பல ஊர்களினின்றும் ஏடு வருவித்தார். ஒன்றிற் குறைந்ததை மற்றொன்றால் நிரப்பி, 1885இற் பொருளதிகாரம் முழுவதையும் நச்சினார்க்கினியருரையெனவே அச்சேற்றினார். தமிழுலகம் பெரிதும் மகிழ்ந்தது.

ஆயினும் தேடிய ஏடு முழுதும் அகப்பட்டிலது. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் இறுதி நான்கியல்களுக்கு அப்பதிப்பில் அமைந்த உரை பேராசிரியருடையதென்பது, பிற்காலத்தே ரா. இராகவையங்காரவர்கள் முதலிய அறிஞரின் ஆராய்ச்சியாற் புலனாயிற்று. செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் செய்த உரை பின்னர்க் கிடைத்து அச்சாயிற்று. ஏனை மூன்றியல்களுக்கு அவருரை இன்றுகாறும் கிடைத்திலது.

இது பிள்ளையவர்களுக்கு இழுக்காமோவெனின், ஆகாது. முழுதும் கிடைத்தபின்னரே அச்சிடுவேமென்று அவர் காத்திருந்தால், கிடைத்த ஏடுகளும் மட்கியிருக்கும். ஒருவர் பெயரால் வெளிவந்த மற்றொருவருரையும் நமக்கு எட்டாதொழிந்திருக்கும். அச்சில் வந்த பிழையைப் பின்வந்தோர் திருத்தினர். அழிந்த ஏட்டை யார் திருத்துவார்?

1887இல் கலித்தொகையும், 1889இற் சூளாமணியும் இவராற் பதிப்பிக்கப்பட்டன. அரசாங்கப் பணியினின்றும் நீங்கியபின் புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்தபொழுதும் இத்தொண்டு நிற்கவில்லை. 1895இல் ராவ்பகதூர்ப் பட்டம் பெற்ற இவர், 1901ஆம் ஆண்டுத் தொடக்கத்தே சென்னையில் இறைவனடி சேர்ந்தார்.

ஆசிரியர்களே, தொல்காப்பியச் சூத்திரத்தை மாணாக்கர்க்கு ஓதுவிக்கும்போது, அந்நூல் தம் கையிற் புத்தகமாய் வந்த வரலாற்றையும் அவர்க்கு உரைமின். நம்மூர்ப் பழைய வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் இன்னும் ஏட்டுக்கட்டுகள் கிடத்தல் கூடும். அவை சோதிடமோ, வாகடமோ, புராணமோ, யாதாயினும் ஆகுக. பிரித்துப் பாராமல் எறியவேண்டாமென்று ஒரு மாணாக்கன் தன் பாட்டியாரிடஞ் சொல்வானாயின், பிள்ளையவர்கள் தொடங்கிய தேடல் தொடர்கின்றதென யாம் கொள்வேம்.