இருமொழிப் புதின ஆசிரியர் அ. மாதவையா

கல்வராயன் மலையிலே கோமுகி, மணிமுத்தா என்னும் இரண்டு ஆறுகள் தோன்றுகின்றன. மலையை விட்டு இறங்கியபின் அவை வெவ்வேறு வழியே நடந்து, கள்ளக்குறிச்சிப் பகுதியின் கழனிகளை வளப்படுத்துகின்றன. பின்னர் வெள்ளாற்றோடு சேர்ந்து கடலை அடைகின்றன. ஓடும் வழி இரண்டாயினும் ஊற்று ஒன்றே. ஊட்டும் நிலமும் ஒன்றே. தமிழிலும் ஆங்கிலத்திலும் புதினங்கள் எழுதிய அ. மாதவையாவின் வாழ்வு இவ்விரண்டு ஆறுகளை ஒத்தது. அவர் எழுதிய மொழிகள் இரண்டு. எழுதத் தூண்டிய அன்பு ஒன்று.

பிறப்பும் கல்வியும்

மாதவையா 1872ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெருங்குளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தமிழின் முதற் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரம் அப்பொழுது இன்னும் வெளிவரவில்லை. கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜமையரும் அதே ஆண்டில் பிறந்தவரே.

திருநெல்வேலியில் பள்ளிக் கல்வி முடித்த மாதவையா, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தே டாக்டர் வில்லியம் மில்லர் அக்கல்லூரியின் தலைவராக விளங்கினார். அங்கே மாதவையா ஆங்கில இலக்கியத்தைத் துறைபோகக் கற்றார்; பி. ஏ. பட்டமும் பெற்றார். ஆயினும் தாய்மொழியை அவர் கைவிடவில்லை. கல்லூரி மாணவராக இருந்தபொழுதே, 1892ஆம் ஆண்டில், விவேக சிந்தாமணி என்னும் இதழில் சாவித்திரி சரித்திரம் என்னும் தொடர்கதையைத் தொடங்கினார். அத்தொடர் இடையிலே நின்றுபோயிற்று.

அலுவலும் அனுபவமும்

பின்னர் அவர் போட்டித் தேர்வில் வெற்றி பெற்று அரசாங்கத்தின் உப்பு இலாகாவில் அதிகாரியானார். உப்பளங்கள் கடற்கரை ஓரங்களில் அமைந்தவை. ஆகவே ஊர்தோறும் சென்று தங்கும் கடமை அவருக்கு வாய்த்தது. பல சாதியாரையும் பல நிலையினரையும் அவர் நேரிற் கண்டார். கற்றவர் வீட்டுத் திண்ணையிலே பேசப்படும் பெருமையையும், அதே வீட்டின் உள்ளறையிலே இளம் விதவை சிந்தும் கண்ணீரையும் ஒருங்கே அறிந்தார். இவ்வறிவே அவருடைய கதைகளுக்கு முதலாயிற்று.

1898ஆம் ஆண்டில் பத்மாவதி சரித்திரத்தின் முதற் பாகம் வெளிவந்தது. சிற்றூரிலிருந்து பட்டணத்திற்குப் படிக்கச் செல்லும் இளைஞரின் வாழ்வும், பெண்கல்வியின் இன்றியமையாமையும் அதில் விளக்கப்பெற்றன. இடையில் நின்ற பழைய தொடர் 1903ஆம் ஆண்டில் முத்துமீனாட்சி என்னும் பெயரோடு நூலாயிற்று. இளமையிலேயே கைம்மை எய்திய பெண்ணொருத்தி தன் துயரத்தைத் தானே கூறி, முடிவில் மறுமணம் பெறுவதாக அமைந்த கதை அது. கைம்பெண் மறுமணத்திற்கு 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் இடங்கொடுத்திருந்தது, ஊரார் இடங்கொடுக்கவில்லை. சட்டம் செய்யமாட்டாததைக் கதை செய்யக்கூடும் என மாதவையா நம்பினார்.

ஆங்கிலப் புதினங்கள்

அதே 1903ஆம் ஆண்டில் தில்லை கோவிந்தன் என்னும் ஆங்கிலப் புதினத்தையும் அவர் வெளியிட்டார். இறந்துபோன ஒருவர் எழுதி வைத்துச் சென்ற தன்வரலாறு போல அது புனையப்பட்டது. தென்பாண்டிச் சிற்றூர் ஒன்றில் வைதிகக் குடும்பத்திற் பிறந்த சிறுவன் கல்வியின் பொருட்டுச் சென்னைக்குச் செல்கிறான். புதிய கல்வி அவன் அறிவை விரிவாக்குகிறது; ஆனால் பிறந்த ஊரிலிருந்து அவன் மனத்தைப் பிரித்தும் விடுகிறது. ஊரார் நம்புவனவற்றை அவனால் நம்ப இயலவில்லை. அவர்களை வெறுக்கவும் இயலவில்லை. தான் எவரைச் சேர்ந்தவன் என்னும் கேள்வி அவனை வாட்டுகிறது. இந்நூல் 1916ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலும் பதிப்பிக்கப்பெற்றது.

நம் நாட்டைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிய நூல்களே அக்காலத்திற் பெரிதும் உலவின. அவை ஊரைப் புறத்தே நின்று நோக்கின. மாதவையாவோ ஊரின் உள்ளே பிறந்தவர். அதன் விழாவையும் விருந்தையும் வழக்கையும் வம்பையும் அறிந்தவர். குறைகளை மறைத்து ஊரைப் புகழ்வதும் உண்மையன்று; குறைகளையே காட்டி ஊரை இகழ்வதும் உண்மையன்று. இவ்விரண்டையும் விலக்கி நடுவுநிலையில் நின்று எழுதியதே அவருடைய சிறப்பாகும்.

1909ஆம் ஆண்டில் சத்தியானந்தன் என்னும் ஆங்கிலப் புதினமும், 1915ஆம் ஆண்டில் கிளாரிந்தாவும் வெளிவந்தன. கிளாரிந்தா வரலாற்றுப் புதினம். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமையில் வாழ்ந்த மராட்டிய அந்தணப் பெண் ஒருத்தி, கணவனை இழந்தபின் உடன்கட்டையிலிருந்து ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரால் காப்பாற்றப்பட்டாள். சுற்றத்தார் அவளை விலக்கினர். பாளையங்கோட்டையிற் குடியேறிய அவள், 1778ஆம் ஆண்டில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் திருமுழுக்குப் பெற்றாள், ஏழைகளுக்குத் துணையானாள், அவ்வூரில் ஒரு தேவாலயமும் எழுப்பினாள். பிறந்த குலம் கைவிட்ட ஒருத்தி, பிறர்க்குச் செய்த தொண்டினாலே தனக்கென ஒரு சுற்றத்தைத் தேடிக்கொண்டதை மாதவையா கதையாக்கினார். அவர் அந்தணர் குலத்திற் பிறந்தவர். கிறித்தவ சமயத்தைத் தழுவாதவர். எனினும் மதம் மாறிய பெண்ணொருத்தியின் உள்ளத்தைப் பரிவோடு எழுதினார்.

ஆர். கே. நாராயணின் சுவாமியும் நண்பர்களும் வெளிவந்தது 1935இல்; ராஜா ராவின் காந்தபுரம் வெளிவந்தது 1938இல். மால்குடி என்னும் கற்பனை ஊரையும், அண்ணல் காந்தியின் அழைப்பைக் கேட்டு எழுந்த கன்னடச் சிற்றூரையும் உலகம் அறிவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, தமிழகத்துச் சிற்றூரை ஆங்கிலத்தில் வரைந்து காட்டியவர் மாதவையா.

மீண்டும் தமிழுக்கு

குசிகர் என்னும் புனைபெயரில் இந்து நாளிதழில் அவர் எழுதிய ஆங்கிலச் சிறுகதைகள் குழந்தை மணம் முதலிய தீமைகளைச் சாடின. ஆனால் ஆங்கிலம் கற்றவர் அந்நாளில் மிகச் சிலரே. எப்பெண்களின் துயரம் அக்கதைகளில் எழுதப்பெற்றதோ, அப்பெண்கள் அவற்றைப் படிக்க இயலாது. நோயாளிக்கு எட்டாத இடத்தில் வைத்த மருந்தால் பயன் என்ன? எனவே அக்கதைகளுட் பலவற்றைத் தாமே தமிழாக்கி, 1924ஆம் ஆண்டில் குசிகர் குட்டிக் கதைகள் என வெளியிட்டார். அரசாங்க அலுவலிலிருந்து உரிய காலத்திற்கு முன்பே ஓய்வு பெற்ற அவர், அவ்வாண்டிலேயே பஞ்சாமிர்தம் என்னும் திங்களிதழையும் தொடங்கி நடத்தினார்.

இறுதி நாள்

மாதவையா சென்னைப் பல்கலைக்கழகச் செனட் சபையின் உறுப்பினராகவும் இருந்தார். 1925ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள் அச்சபை கூடியது. பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என அவர் அங்கே வாதாடினார். பேசி முடித்து இருக்கையில் அமர்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆங்கிலத்தில் புகழ் பெற்ற ஒருவரின் இறுதிப் பேச்சு தமிழுக்காக அமைந்தது.

குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1929இல், நிறைவேறியது. அவர் மக்களுள் மா. அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்ததோடு ஆங்கிலப் புதின ஆசிரியராகவும் திகழ்ந்தார், மா. கிருஷ்ணன் காட்டு விலங்குகளைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றார்.

ஊரை நேசிப்பவன் அதன் குறையை எடுத்துரைக்க அஞ்சமாட்டான். குறையை எடுத்துரைப்பவன் ஊரைத் துறந்தவனும் அல்லன். பிறமொழியில் வல்லவனாவது தாய்மொழியை மறப்பதற்கு அன்று. இவ்விரண்டு உண்மைகளையும் மாதவையா தம் வாழ்வாலே விளக்கிச் சென்றார். மலையிலிருந்து இறங்கிய ஆறு எவ்வழியே சென்றாலும் மண்ணை நனைத்துப் பயிரை வளர்ப்பது போல, மாணவர் எம்மொழி கற்றாலும் அக்கல்வி தாம் பிறந்த மண்ணின் மக்களுக்குப் பயன்படுதல் வேண்டும்.