சேனாபதி திம்மையாவும் நீலநாடாப் பதக்கமும்

சென்ற விடுமுறையில் சிங்காநல்லூர்க் குளக்கரையை அடுத்துள்ள நண்பரொருவர் இல்லத்தில் பழைய தகரப் பெட்டியொன்றைத் திறந்து காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. உள்ளே வெண்கோடுகள் ஓடிய நீல நாடாவிலே தொங்கும் வட்டப் பதக்கமொன்று இருந்தது. அது நண்பரின் பாட்டனார் காங்கோ நாட்டிற் பணிபுரிந்தமைக்காகப் பெற்ற வெளிநாட்டுச் சேவைப் பதக்கம். 1960-ஆம் ஆண்டு நம் அரசாங்கத்தார் அதனை ஏற்படுத்தினர். கடல் கடந்து சென்ற வீரர் எந்நாட்டிற் பணிபுரிந்தாரோ அந்நாட்டின் பெயர் பொறித்த சிறு பட்டயம் நாடாவின்மீது பொருத்தப்படும். முன்னரே கொரியாவிற்குச் சென்று மீண்டோரும் அதற்கு உரியராயினர். அக்காலத்தில் நம் தரைப்படைத் தலைவராய் வீற்றிருந்தவர் ஜெனரல் திம்மையா. கொரியப் பணியின் பெரும்பாரத்தைத் தாங்கியவரும் அவரே. ஆகலின் அவர் சரிதையை ஈண்டுச் சிறிது எழுதத் துணிந்தோம்.

கொடந்தேர சுப்பையா திம்மையா 1906-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள் குடகு நாட்டு மடிக்கேரியிற் பிறந்தார். எட்டு வயதிலே குன்னூர் தூய சூசையப்பர் பள்ளிக்கு அனுப்பப்பெற்றார். மேட்டுப்பாளையம் கடந்து மலையேறினால் நாம் அடையும் அதே குன்னூர்தான். கோவை மாணாக்கராகிய எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதில் வியப்பில்லை. பின்னர்ப் பெங்களூரிலும் தேராதூனிலும் பயின்று, இங்கிலாந்தின் சாண்டுஹர்ஸ்டுப் படைக் கல்லூரியில் தேறி, 1926-இல் அதிகாரியானார். இரண்டாம் உலகப்போரில் அரக்கான் முனையிலே காலாட் பிரிகேடு ஒன்றை நடத்தினார். அப்போரில் அத்தகைய பொறுப்புடன் களத்தில் நின்ற இந்தியர் இவரொருவரே. 1948 நவம்பர் முதல் நாள், பனி மூடிய சோஜிலாக் கணவாயிலே, பகைவர் எதிர்பாராவண்ணம் டாங்கிகளை ஏற்றி வெற்றிகொண்டார். போர்ச் செயல்கள் இவ்வளவிற் போதும். எம் உள்ளத்தைக் கவர்ந்தது வேறு.

1953 ஜூலை 27-இல் கொரியாவிற் போர் ஓய்ந்தது. ஆயினும் தாய்நாடு திரும்ப மறுத்த கைதிகளை என் செய்வது என்ற வினா எஞ்சிற்று. ஐக்கிய நாடுகள் தரப்பினர் வசம் இருந்தோர் 22,000-க்கும் மேற்பட்டோர். எதிர்த்தரப்பில் 359 பேர். இவர்களைக் காத்து, திரும்புவதோ தங்குவதோ அவரவர் விருப்பம் என்பதை அச்சமின்றிச் சொல்லச் செய்தற்கு ஐந்து நடுநிலை நாடுகளின் குழுவொன்று அமைந்தது. அதன் தலைவர் திம்மையா. போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் ஒருபுறம் இழுக்க, சுவீடனும் சுவிட்சர்லாந்தும் மறுபுறம் இழுக்க, இந்தியாவின் வாக்கே பலகால் முடிவைத் தீர்த்தது. எத்தரப்பிற்குச் சாய்ந்தாலும் மறுதரப்பின் வசைமொழி நிச்சயம்.

காவலுக்குச் சென்ற இந்தியப் படையினரின் நிலையோ இன்னும் இக்கட்டானது. அவர்கள் தம் மண்ணை மிதித்தலாகாது எனத் தென்கொரியத் தலைவர் சிங்மன் ரீ தடுத்தார். அதனால் இன்சோன் துறையில் வந்திறங்கிய வீரர் ஹெலிகாப்டர்களில் ஏற்றப்பட்டு, படை விலக்கிய நடுநிலத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கைதிகளின் முகாம்களுள் கொடிய கட்டுப்பாடு நிலவிற்று. திரும்ப விரும்பியவன் உடனிருந்தோராலேயே அடியுண்டான், சிலர் கொலையும் உண்டனர். ஒருமுறை இந்திய அதிகாரி ஒருவரைக் கைதிகள் பிடித்து வைத்துக்கொண்டனர். காவற்படைத் தலைவர் தோரட் தாமே உட்புகுந்து, பேச்சினாலேயே அவரை மீட்டுவந்தார். கலகம் முற்றிய வேளையிற் சுடவும் நேர்ந்தது. உயிர்கள் சில மாய்ந்தன. இதனை மறைத்துப் புகழ்வது முறையன்று. எனினும், வன்மையைக் காட்டிலும் பொறுமையையே திம்மையா பெரிதும் நம்பினார் என்பது எம் துணிபு.

விளக்கங் கூறுதற்கென வகுத்த 90 நாள்களும் கழிந்தன. பெரும்பாலோர் திரும்ப மறுத்தனர். அவர்களை விடுவிக்கவோ, தொடர்ந்து வைத்திருக்கவோ தமக்கு அதிகாரமில்லை எனக் கண்ட திம்மையா, 1954 ஜனவரியில் அவ்வத் தரப்பினரிடமே ஒப்புவித்தார். இருசாராரும் குறைகூறினர். இரண்டு நாட்டையும் வேண்டாத கைதிகள் சிலர் நம் வீரருடன் கப்பலேறி இந்தியாவிற்கு வந்தனர். அவ்வாண்டே திம்மையாவுக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது.

1957 முதல் 1961 வரை தரைப்படைத் தலைமை வகித்தார். பாதுகாப்பமைச்சர் கிருஷ்ண மேனனோடு மனவேற்றுமை முற்றி, 1959-இல் பதவி விலகற் கடிதம் கொடுத்து, பிரதமர் நேரு வேண்டியதன்பேரில் அதனை மீட்டுக்கொண்டார். கொடுத்ததோ மீட்டதோ எது தகும் என எம் விடுதியில் இரவெல்லாம் வாதிட்டும் முடிவு காணவில்லை.

ஓய்வு பெற்ற பின்னரும் அவரை உலகம் விடவில்லை. சைப்பிரசுத் தீவிலே கிரேக்கரும் துருக்கியரும் பொருதபோது, 1964-இல் ஐக்கிய நாடுகளின் அமைதிப்படைக்குத் தலைவராய்ச் சென்றார். அங்கேயே 1965 டிசம்பர் 18-ஆம் நாள் மாரடைப்பால் மாண்டார். அவர் உடல் பெங்களூருக்குக் கொணரப்பட்டது. சைப்பிரசு அரசாங்கத்தார் 1966-இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டனர்.

நண்பரின் பாட்டியார் அத்தகரப் பெட்டியை எம்மிடமிருந்து வாங்கி, பதக்கத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடியும் பரண்மேல் வைத்தார்.