பஞ்சம் துரத்திய பிள்ளை: மைக்கேல் டேவிட்

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், மேயோ மாவட்டத்தில், ஸ்ட்ரெய்டு என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1846ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் ஓர் ஏழைக் குத்தகை உழவரின் மகனாக மைக்கேல் டேவிட் பிறந்தார். பிறந்த ஆண்டே அவருடைய வாழ்வின் போக்கைத் தீர்மானித்துவிட்டது எனலாம். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில்தான் அந்நாட்டின் உருளைக்கிழங்கு வயல்களில் கருகல் நோய் முதன்முறையாகத் தலைகாட்டியிருந்தது. 1846இல் அது விளைச்சலை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது.

இலையில் கரும்புள்ளி கண்ட சில நாட்களுக்குள் மண்ணுக்கடியில் இருந்த கிழங்கும் அழுகிக் கூழாயிற்று. ஒரு பயிர் பொய்த்தால் வேறொன்றை உண்ணலாமே என்று நாம் எண்ணலாம். அயர்லாந்தில் அதற்கு வழியில்லை. 1841ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 82 லட்சம் பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கிழங்கை மட்டுமே நம்பியிருந்தனர். உழவன் விளைவித்த ஓட்ஸ் தானியமும் வளர்த்த பன்றியும் குத்தகைப் பணமாக மாறி நிலக்கிழாரிடம் சென்றன. எஞ்சிய துண்டு நிலத்தில் விளைந்த கிழங்கே அவன் குடும்பத்தின் சோறு. பஞ்சம் தலைவிரித்தாடிய நாட்களிலும் தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. பின்னர் அமெரிக்க மக்காச்சோளம் பெருமளவில் வந்திறங்கியது என்பதும் உண்மையே. கையில் காசில்லாதவனுக்குப் போனதும் வந்ததும் ஒன்றுதான்.

நோயைக் காட்டிலும் சட்டம் கொடிதாக இருந்தது. 1847இல் இயற்றப்பட்ட ஒரு விதியின்படி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அரசின் உதவியைப் பெற இயலாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட வேண்டும்; நிலத்தை விட்டால் மறு ஆண்டு பயிரிட இடமில்லை. மிகச் சிறிய குத்தகைகளுக்குரிய ஏழையர் வரியை நிலக்கிழாரே செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. ஆகவே சிறு உழவர்களை வெளியேற்றி, குடிசைகளை இடித்து, நிலத்தை மேய்ச்சலுக்கு விடுவது அவருக்கு இலாபமாயிற்று. 1851க்குள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத எண்ணிக்கையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். மேயோவில் மட்டும் 3,88,000 ஆக இருந்த மக்கள்தொகை 2,74,000 ஆகச் சுருங்கிற்று.

டேவிட்டின் குடும்பம் பஞ்சத்தின் கொடிய ஆண்டுகளை எப்படியோ கடந்துவிட்டது. ஆனால் குத்தகைப் பாக்கி நின்றது. 1850இல் அவர்கள் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அப்போது மைக்கேலுக்கு வயது நான்கரை. போக்கிடமின்றிச் சுவின்ஃபோர்டு ஊரிலிருந்த ஏழையர் விடுதியை நாடினர். மூன்று வயதைக் கடந்த ஆண் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பது அவ்விடுதியின் விதி. அதை அறிந்ததும் அவருடைய தாய் கேத்தரின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். பசியைப் பொறுத்த அந்தத் தாய் இந்தப் பிரிவைப் பொறுக்கவில்லை. அடுத்து டப்ளின்; அங்கிருந்து கப்பலில் லிவர்பூல்; பின் கால்நடையாகவே லங்காஷயரின் ஆலை நகரான ஹாஸ்லிங்டன். ஏற்கெனவே அங்குக் குடியேறியிருந்த அயர்லாந்துக்காரர்களுக்கிடையே அவர்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

வீட்டில் பேச்சு ஐரிஷ் மொழியில், வெளியே ஆங்கிலம். ஒன்பது வயதில் பஞ்சாலை வேலை தொடங்கிற்று. 1857 மே மாதம், பதினோராம் வயதில், எந்திரத்தின் பற்சக்கரத்தில் வலக்கை சிக்கி நசுங்கியது. பத்து நாட்களுக்குப் பின் அக்கையை வெட்டி நீக்கினர். இழப்பீடு ஏதும் தரப்படவில்லை. இந்த விபத்தே அவரைப் பள்ளிக்கு அனுப்பிற்று என்பது விந்தை. ஆலைக்கு உதவாத சிறுவனை ஒரு வள்ளல் மெதடிஸ்டுப் பள்ளியில் சேர்த்தார். பின்னர் அச்சகம் ஒன்றில் வேலை. மாலை வேளைகளில் தொழிலாளர் நூலகம். நாட்டு வரலாற்றை அவர் அங்கேதான் கற்றார்.

1865இல் ஆயுதப் புரட்சியை நம்பிய ஃபீனியர் இயக்கத்தில் சேர்ந்தார். 1870இல் இலண்டனில் கைது செய்யப்பட்டு, ஆயுதம் சேர்த்த குற்றத்துக்காகப் பதினைந்தாண்டுத் தண்டனை பெற்றார். டார்ட்மூர் சிறையில் ஒற்றைக் கையோடு கல்லுடைத்தார். ஏழரை ஆண்டுகளுக்குப் பின் 1877 டிசம்பரில் விடுதலையானபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. சிறைக்குள் அவருடைய எண்ணம் மாறியிருந்தது. தேச விடுதலை என்ற சொல் உழவன் காதில் ஏற வேண்டுமானால் அது நிலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் கருதலானார்.

அதற்கான நேரம் உடனே வந்தது. 1877 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து விளைச்சல் குறைந்தது. 1879இல் மழை ஓயவில்லை. கருகல் நோய் மீண்டும் பரவிற்று. மற்றொரு 1847 வரப்போகிறது என்று மேயோ மக்கள் நடுங்கினர். அவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஐரிஷ்டவுன் என்னும் ஊரில் குத்தகைக் குறைப்புக் கேட்டுப் பல்லாயிரம் பேர் திரண்டனர். ஏற்பாட்டில் முக்கியப் பங்கு டேவிட்டுடையது. கூட்டத்தில் அவர் இல்லை. அக்டோபரில் டப்ளினில் நிலக் கழகம் பிறந்தது. பார்னல் தலைவர், டேவிட் செயலாளர்களில் ஒருவர். பார்னல் ஒரு நிலக்கிழார் என்பதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

கழகத்தின் கருவி எளியது. குத்தகை பாக்கிக்காக ஒருவனை வெளியேற்றினால் அந்நிலத்தை வேறெவனும் எடுக்கலாகாது; எடுத்தவனோடு ஊரில் ஒருவரும் பேசலாகாது. 1880இல் மேயோவில் பாய்காட் என்ற நிலக்கிழார் முகவருக்கு இதே கதி நேர்ந்தது. வேலைக்காரர் விலகினர், கடைக்காரர் பொருள் தர மறுத்தனர். வடக்கிலிருந்து ஐம்பது தொண்டர்கள் படைப் பாதுகாப்போடு வந்து அவருடைய பயிரை அறுத்தனர். அறுத்த பயிரின் மதிப்பைப்போலப் பல மடங்கு செலவாயிற்று. அவருடைய பெயரே உலக மொழிகளில் ஒரு வினைச்சொல்லாக நிலைத்துவிட்டது. நாம் அதைப் பகிஷ்காரம் என்கிறோம்.

1847இல் மக்கள் சாலையோரங்களில் மடிந்தனர். 1879-80இல் அப்படிச் சாகவில்லை. இரயில் பாதைகளும் கடற்கடந்த உறவினர் அனுப்பிய பணமும் நிவாரண நிதிகளும் அதற்குக் காரணங்கள். வீட்டைவிட்டு வெளியேறமாட்டோம் என்று சொல்லக் கற்ற உழவர்களும் ஒரு காரணம் என்பதை நான் முதன்மையாகக் கொள்வேன்.

1881இல் அரசு ஒரு நிலச் சட்டத்தை இயற்றியது. நியாயமான குத்தகையை நீதிமன்றம் விதிக்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டு டேவிட் மீண்டும் சிறையிலடைக்கப்பட்டார். போர்ட்லாண்டு சிறையில் ஒரு கரும்பறவையை வளர்க்க அனுமதி கிடைத்தது. அதற்கு ஜோ என்று பெயரிட்டார். அதனிடம் உரையாற்றுவதுபோல் அமைத்த நூலை 1885இல் வெளியிட்டார்.

வெளியே வந்தபோது அவர் சொன்னது தோழர்களுக்கு உவப்பாக இல்லை. நிலம் தனியொருவர் உடைமையாதல் கூடாது. நாட்டின் பொதுச்சொத்தாக வேண்டும் என்றார். உழவர்கள் செவிசாய்க்கவில்லை. இதற்குப் பஞ்சமே காரணம் என்று தோன்றுகிறது. கால் ஏக்கரும் அரை ஏக்கரும் வைத்திருந்தோரும் கூலிகளும் பஞ்சத்தில் மாண்டனர், அல்லது கப்பலேறினர். எஞ்சி நின்றவர் ஓரளவு நிலம் உடைய குத்தகையாளர். நிலத்தைத் துண்டாக்கினால் என்ன நேரும் என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். ஆகவே ஒரே மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம், மற்றப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கப்பல் என்பது குடும்ப வழக்கமாயிற்று. திருமணங்கள் தள்ளிப்போயின. 1911இல் மக்கள்தொகை 44 லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. இன்றளவும் 1841ஆம் ஆண்டின் எண்ணிக்கையை அத்தீவு எட்டவில்லை. பஞ்சத்தில் மிகுதியாக மடிந்ததும் சிதறியதும் மேற்குப் பகுதியின் ஐரிஷ் மொழி பேசிய ஏழைகளே; அம்மொழியின் சரிவும் அதனால் விரைந்தது. டேவிட்டின் குடும்பம் துடைத்தெறியப்பட்ட வகுப்பைச் சேர்ந்தது. அவ்வகுப்பின் சார்பில் அவர் பேசினார். கேட்பதற்கு அவ்வகுப்பு அங்கே இல்லை.

பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார். போயர் போரை எதிர்த்து 1899இல் பதவியைத் துறந்தார். நிலக் கழகப் போராட்டத்தில் அவருடைய தோழரான ஆல்ஃபிரட் வெப் 1894இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார் என்பது நம் வாசகர்க்கு ஆர்வமூட்டும் செய்தி. 1903ஆம் ஆண்டுச் சட்டம் உழவர்கள் அரசுக் கடனில் நிலத்தை விலைக்கு வாங்க வழிசெய்தது. நிலக்கிழாருக்கு இவ்வளவு விலையா என்று டேவிட் கண்டித்தார். உழவர்களோ வாங்கிக்கொண்டனர்.

1906 மே மாத இறுதியில், பல் பிடுங்கியதைத் தொடர்ந்து குருதி நஞ்சாகி, டப்ளினில் அறுபதாம் வயதில் காலமானார். ஆரவாரமான இறுதிச் சடங்கு வேண்டாமென்று உயிலில் எழுதியிருந்தார்; ஆயினும் பல்லாயிரம் பேர் உடலைக் காண வரிசையில் நின்றனர். அவ்வுயிலில் புதைக்க வேண்டிய இடங்களையும் குறித்திருந்தார். அமெரிக்காவில் இறந்தால் அங்கு மனாயங்க் ஊரில் உறங்கும் தாயின் பக்கத்தில்; அயர்லாந்தில் இறந்தால் ஸ்ட்ரெய்டில்; பிரிட்டனுக்கு வெளியே வேறெங்கேனும் இறந்தால் இறந்த இடத்திலேயே. உடல் இரயிலில் மேயோவுக்குச் சென்றது. ஸ்ட்ரெய்டின் பழைய மடாலயத்து வளாகத்தில், அவர்கள் வெளியேற்றப்பட்ட வீடு நின்ற இடத்துக்கு அருகிலேயே, அவரைப் புதைத்தனர்.