கணித மேதை இராமானுஜன்

அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமியாகும். அப்பகுதியைச் சார்ந்த குமாரலிங்கபுரத்தில் உழவர் ஒருவர் 5 குவிண்டால் பருத்தி விற்று, வண்டி வாடகை 1,000 ரூபாய் போக, 34,000 ரூபாய் பெற்றார் எனக் கொள்க. ஒரு குவிண்டாலின் விலை யாது? கழிந்த 1,000 ரூபாயைக் கூட்டினால் 35,000. அதனை 5-ஆல் வகுத்தால் 7,000 ரூபாய். கழித்ததைக் கூட்டியும், பெருக்கியதை வகுத்தும், இருபுறமும் ஒரே செயலைச் செய்து, தெரியாத எண்ணை ஒருபுறத்தே தனியாக நிறுத்துதல் இயற்கணிதத்தின் அடிப்படை. இக்கலையில் இளமையிலேயே உள்ளந் தோய்ந்து, பின்னர் உலகம் போற்றும் மேதையாக உயர்ந்தவர் சீனிவாச இராமானுஜன்.

அவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்தார், தாயார் கோமளத்தம்மாள். குடும்பம் எளியது. காகிதம் வாங்கப் போதிய பொருளில்லை. ஆதலால் இராமானுஜன் கற்பலகையிலேயே கணக்கிடுவார். முழங்கையால் அழித்து மீண்டும் எழுதுவார்.

கும்பகோணம் நகர உயர்நிலைப்பள்ளியில் பயின்ற காலத்து, 1902-இல், முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையை அவர் அறிந்தார். அங்கே தெரியாத எண் வெவ்வேறு படிகளில் பல உறுப்புகளில் கலந்து நிற்கும். அதனைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. அம்முறையைக் கற்றதோடு அவர் அமையவில்லை. நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே ஒரு வழி கண்டார். அடுத்த ஆண்டில் ஐம்படிச் சமன்பாட்டையும் தீர்க்க முயன்றார், முயற்சி கைகூடவில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலங்காணல் ஆகியவற்றைக் கொண்டு ஐம்படிச் சமன்பாடு அனைத்திற்கும் பொருந்தும் சூத்திரம் அமைக்க இயலாது என்பதை நார்வே நாட்டு அறிஞர் ஏபெல் 1824-லேயே நிறுவியிருந்தார். அச்செய்தி கும்பகோணத்துச் சிறுவருக்கு எட்டவில்லை. அறிவில் குறையில்லை, எடுத்துரைப்பார் இல்லாமையே குறை.

கல்லூரியிலும் அவருக்கு இடர் தொடர்ந்தது. கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்ததால் உதவித்தொகையை இழந்தார்; பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் தேர்வில் வெற்றி பெறவில்லை. ஆயினும் தாம் கண்ட முடிவுகளைக் குறிப்பேடுகளில் எழுதிவந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

1913-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தம் முடிவுகள் பலவற்றைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதியனுப்பினார். அவற்றுட் சில முன்னரே பிறர் கண்டவை, சில பிழைபட்டவை, பல முற்றிலும் புதியவை. அவற்றின் அருமையை உணர்ந்த ஹார்டி அவரை அழைத்தார். 1914-இல் இராமானுஜன் இங்கிலாந்து சென்றார். இருவரும் கூடி ஆராய்ந்து அரிய உண்மைகளை வெளியிட்டனர். 1918-இல் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்து சிறப்பித்தது. நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

சமன்பாட்டில் தெரியாத எண்ணைத் தனியே நிறுத்தினால் விடை கிடைக்கும். கற்பவனைத் தனியே நிறுத்தினாலோ, முன்னோர் நடந்து முடித்த வழியிலேயே அவன் மீண்டும் நடந்து களைப்பான். தம் முயற்சியால் உயர்ந்த இராமானுஜனுக்கும் ஒத்த அறிஞர் துணை வேண்டியிருந்தது. ஆதலின் தாமே முயலும் ஊக்கத்தோடு, அறியாததைப் பிறரிடம் கேட்டறியும் பணிவையும் மாணவர் கைக்கொள்வாராக.